உப்புக்குக் கிடைத்த சலுகை

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய ராஜாஜியின் உப்பு யாத்திரை, அன்றைய தஞ்சை மாவட்டத்தை நடந்தே கடந்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் மீது வழக்குப் பாயும் என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். டெல்டாக்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதற்காக ராஜாஜி சிறைக்குப் போனார்.

பள்ளிப் பாடம் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் உப்பு வரி ஒழியவில்லை. ஆனால் உப்பு விளையும் இடத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்குள் விற்றுக்கொள்ளவும் செய்யலாம், வெளியாருக்கு மட்டும் விற்கக் கூடாது என்று ஒரு சலுகை கிடைத்தது. வீட்டுத் தேவைக்கும் பெருவியாபாரத்துக்கும் நடுவில் ஒரு படியைச் சட்டம் கட்டிக்கொடுத்தது. ஏகாதிபத்தியத்திடம் மன்றாடி வாங்கிய படி.

ஆறு ஆண்டு கழித்து ராஜாஜியே சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அவர் கொண்டுவந்த சட்டத்தில் அப்படியொரு படி கிடையாது. காய்ச்சுவது, இறக்குவது, வைத்திருப்பது, கொண்டுபோவது எல்லாமே குற்றம். அதற்கான பண்டமும் பாத்திரமும் கையில் இருப்பதுகூடக் குற்றம். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டவர் அவர். 1921-ல் பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், அவர் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றதும் அதே வேதனையில்தான். கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல் பொது விற்பனை வரி. கொள்கைக்காகக் கஜானாவைக் காயப்போடத் துணிந்த அரசு அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக் கடையில் நீட்டப்படும் ஒவ்வொரு குவார்ட்டரும் ‘மதுவிலக்குச் சட்ட’த்தின் கீழ்தான் விற்கப்படுகிறது. 2023–24-ல் அந்த வழியில் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

வீட்டில் தயாரித்த மது நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை கிட்டத்தட்ட ஒரு செய்முறையே சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, உரைகாரர்கள் நெல்முளை என்று சொல்லும் சேர்மானத்தைக் கலந்து, ஜாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளையவிட்டுப் பிழிந்தெடுக்க வேண்டும். பீர் ஆலையில் மால்ட் என்கிறார்களே, அதுவும் முளைகட்டிய தானியம்தான். பாட்டு தொண்டை நாட்டைப் பற்றியது. பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பட்டினப்பாலையும் பாடியவர். அதில் துறைமுகத்துக் கள்ளுக்கடைகளின் கொடி பறக்கிறது. வீட்டுப் பானையும் கடைக் கொடியும் ஒரே புலவரிடம் கிடைப்பது நமக்கு வசதி.

பானைக்கும் கொடிக்கும் நடுவே சுவர் எழுப்பியதில் ஆங்கிலேயரின் கலாலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1886-ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டம் குடியை ஒழிக்கப் பிறந்ததில்லை. வசூலை ஒழுங்குபடுத்தப் பிறந்தது. மரத்துக்கு மரவரி, கடைக்கு ஏலம். மரம் ஏறுகிறவன் தன் கள்ளைத் தானே விற்க முடியாமல் ஏலம் எடுத்த காண்டிராக்டருக்குக் கைகட்டி நின்றான். மதுவிலக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே சிறுகை ஒடிக்கப்பட்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஏலக்காரனை விரட்டினார்கள். மரமேறிக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

மீதிக் கதை திறப்பும் பூட்டும்தான். 1948-க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-ல் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் திரும்பின. 1987 ஜனவரி 1 முதல் கள் மறுபடி தடையானது. 1983-ல் மொத்த விற்பனைக்குத் தொடங்கிய டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. குடி போகவில்லை. ஊரில் முனீஸ்வரன் படையலில் கள்ளு முட்டி இருந்த இடத்தில் லேபிள் ஒட்டிய பாட்டில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பில் அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது புளிக்காத இனிப்பு நீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைக் காட்டிவிடும், அது கள். மரம் ஒன்று, ஆள் ஒன்று, பாளை ஒன்று. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

நீரா என்று பெயரிட்டு, அந்தப் புளிக்காத நீருக்கு 2017-ல் அரசு வழிவிட்டது. அதற்கும் உரிமம் வேண்டும். தனி விவசாயிக்குக் கிடைக்காது, தென்னை உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற அமைப்பின் வழியாகத்தான் வர வேண்டும். புளிக்காமல் காக்கக் குளிர்ச்சி வேண்டும். காசர்கோட்டு ஆராய்ச்சி நிலையம் அதற்கென்றே பாளையில் மாட்டும் ஐஸ் பெட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பத்து மரக்காரருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? மறு ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து இதே பகுதியின் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது.

பெங்களூரில் வேலை பார்த்து, அங்கே மைக்ரோபுரூவரிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, சொந்த ஊரில் நொய்யரிசியும் மால்ட்டும் சேர்த்துப் பீர் காய்ச்சிப் பார்க்க நினைக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளையின் கதி இன்னும் மோசம். வீட்டில் ஒரு குடம் காய்ச்சினாலே குற்றம். விற்க வேண்டுமென்றால் பெரிய ஆலைகளை மனதில் வைத்து எழுதிய 1983-ஆம் ஆண்டு புரூவரி விதிகளின்படி உரிமம் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். கிடைத்தாலும் இந்த மாநிலத்தில் வாங்குகிறவர் டாஸ்மாக் ஒருவர்தான். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், மது வியாபாரம் யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு வேறு மதுவிலக்கையே லட்சியமாகக் காட்டுகிறது. இத்தனைக்கும் இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியை எரிபொருள் எத்தனால் ஆலைக்கு விற்க 2020-ல் மத்திய அரசு வழிசெய்தது. அரிசியை வண்டி குடிக்கலாம்.

நாகூரைத் தாண்டி மாநில எல்லையில் இருக்கும் வாஞ்சூர் போனால் காட்சி மாறிவிடும். அங்கிருந்து காரைக்கால்: அதே காவிரித் தண்ணீர், அதே மண். 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால் புதுச்சேரியோடு சேர்ந்துகொண்ட துண்டு. அங்கே கள்ளுக்கடைக்கு இன்றும் ஏலம் நடக்கிறது. அதை மாதிரியாக நான் காட்டவில்லை. ஏலம் என்பது பழைய காண்டிராக்டர் முறையின் பேரப்பிள்ளை. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் விஷமாக இருப்பது அந்தப் பக்கம் விஷமாக இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்களே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அவர்களைக் கொன்றது மெத்தனால், ஆலைகளில் புழங்கும் ரசாயனம். அரிசியோ தென்னம்பாளையோ புளிப்பதால் மட்டும் அந்த அளவு மெத்தனால் பிறக்காது. ஆனால் கள்ளில் போதைக்காக குளோரல் ஹைட்ரேட் கலப்பது கேரளத்திலும் தெலங்கானாவிலும் பிடிபட்ட உண்மை. விற்பனை தூரம் போகப் போக, கை மாற மாறத்தான் கலப்படம் நுழைகிறது. இறக்கியவர் யார் என்று குடிப்பவருக்குத் தெரிந்த தூரத்தில் விற்பனையை நிறுத்திவைத்தால் கண்காணிப்பது எளிது என்பது என் எண்ணம். உப்பு ஒப்பந்தம் போட்ட கோடும் ஏறத்தாழ அதுதான்.

இன்னொரு நெல் நாடு இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஜப்பான் 1899-ல் வீட்டு மதுவைத் தடை செய்தது, வரிக்காகத்தான். டொபுரோகு என்ற வடிகட்டாத அரிசி மது ஒளிந்துகொண்டது. ஆண்டுக்குக் குறைந்தது 6,000 லிட்டர் தயாரித்தால்தான் உரிமம் என்ற விதி சிறு விவசாயியைக் கிட்டவே விடவில்லை. 2003 வாக்கில் குறிப்பிட்ட ஊர்களைத் தனி மண்டலமாக அறிவித்து, சொந்த நெல்லில் மது தயாரித்துத் தன் விடுதியில் விற்கும் விவசாயிக்கு அந்த அளவு வரம்பை நீக்கினார்கள். முதலில் தொடங்கிய ஊர்களில் ஒன்று இவாட்டே மாநிலத்து டோனோ. உரிமம் உண்டு, வரி உண்டு, சோதனை உண்டு. ஆலை மட்டும் வேண்டியதில்லை.

மண்டலம் என்பது நமக்கும் தெரிந்த ஏற்பாடுதான். 2020-ல் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், தோல் தொழிற்சாலை, புதிய எண்ணெய்–எரிவாயுக் கிணறுகள் என்று இங்கே என்னென்ன வரக் கூடாது என்பதற்கு அதில் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை நான் வரவேற்கிறேன். இந்த மண்ணில் விளைந்ததை வைத்து ஒரு விவசாயக் குடும்பம் என்ன தயாரித்து, எத்தனை லிட்டர் வரை, எந்த எல்லைக்குள் விற்கலாம் என்பதற்கும் அதே சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்க்கலாம். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தாமல் அந்த அட்டவணையில் கள்ளை எழுத முடியாது; அரிசி பீரையும் எழுத முடியாது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியது, இந்த மாநிலத்தின் ஒரே மொத்த மது வியாபாரியாக இருக்கும் அரசு.