கோட்டையைச் சுற்றிக் காட்டுவது யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமிர்தியிலிருந்தும் அதற்கு மேலே மலையிலுள்ள குடியிருப்புகளிலிருந்தும் பதினாறு பேரை அழைத்துக்கொண்டு நாம் வேலூர்க் கோட்டைக்குச் சென்றோம். கட்டுச்சோறும் தண்ணீரும் கையில். பஸ் சத்தத்துக்கு ஊரில் வசூல் செய்திருந்தோம்.

அமிர்தி வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். அருவியும் மிருகக் காட்சி சாலையும் இருப்பதால் லீவு நாட்களில் பட்டணத்து ஜனங்கள் கார்களில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வேலூருக்குப் போவது எதற்கு? ஆஸ்பத்திரிக்கு; மனுக் கொடுக்க; கட்டட வேலைக்கு. கோட்டை அகழியைப் பார்த்தபடி எத்தனையோ முறை நடந்தவர்கள்தான் நம்மோடு வந்தவர்கள். பதினாறு பேரில் உள்ளே போய்ப் பார்த்திருந்தவர் மூன்றே பேர். அந்த மூவரில் இருவர் போனதும் கல் சுமக்கத்தான்!

உள்ளே ஒரு வழிகாட்டி வெளியூர்ப் பிரயாணிகள் சிலருக்கு இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். நாமும் ஓரமாக நின்று கேட்டோம். 16-ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கன் கோட்டையைக் கட்டினான் என்றார். விஜயநகர அரசர்கள் பின்னாளில் இதைத் தலைநகராக்கினார்கள், பிறகு பீஜப்பூர் சுல்தான், பிறகு மராட்டியர், கடைசியில் கும்பினி என்று வரிசையாகச் சொன்னார். ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்துத் தூண்களின் முன் கால் மணி நேரம் நின்றார். 1806-க்கு வந்தபோது, "இங்கே ஒரு கலகம் நடந்தது" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மாதா கோவிலைப் படம் பிடிக்க நல்ல இடத்தைக் காட்டினார்.

அவர் மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் நாள் கூலிக்கு வாய் வலிக்கப் பேசும் உழைப்பாளிதான். எது விலை போகுமோ அதைச் சொல்கிறார். நமது கேள்வி வேறு. ஒரு நகரத்தின் சரித்திரத்தில் எதை நின்று பார்ப்பது, எதைத் தாண்டிப் போவது என்று தீர்மானிப்பது யார்?

பிரயாணிகள் நகர்ந்த பிறகு, அரச மரத்தடியில் உட்கார்ந்து நாம் அந்த ஒரே மூச்சை விரித்துச் சொன்னோம்.

கும்பினிச் சிப்பாய் என்பவன் யார்? நிலமில்லாத வீட்டுப் பிள்ளை; இரண்டு வேளைச் சோற்றுக்காகத் துப்பாக்கி தூக்கியவன். அவனுக்கும் வெள்ளைச் சிப்பாய்க்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதற்கு மேல், சேனாதிபதி சர் ஜான் கிராடக் புதிய விதிகளைப் போட்டான். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை வழி, தோல் பட்டை வைத்த தொப்பியைத் தலையில் வை! 1806 மே மாதம் வேலூர்ச் சிப்பாய்கள் அந்தத் தொப்பியை அணிய மறுத்தார்கள். கசையடி வாங்கி வேலை இழந்தவர் இருவர். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மதத்தைச் சொல்லி உழைப்பாளியை உழைப்பாளியோடு மோதவிடும் இந்நாளில், இந்த இருவரையும் எந்த வழிகாட்டியும் மறக்கக் கூடாது.

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். அந்தச் சந்தடி மறைவாக உதவியது. நள்ளிரவு தாண்டி, 10-ஆம் தேதி அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் மாண்டார்கள். விடிந்தபோது கொத்தளத்தில் பறந்தது மைசூர்ப் புலிக்கொடி.

ஆனால் வெற்றி கைக்கு வந்ததும் என்ன நடந்தது? சிப்பாய்கள் பலர் காவலை விட்டுக் கொள்ளைப் பொருள் தேடிப் போனார்கள். கதவைக் காக்க ஏற்பாடில்லை; அடுத்து என்ன என்று முடிவு செய்ய ஆளில்லை. 16 மைல் தூரத்து ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்துவிட்டான். பின்னாலேயே பீரங்கி வந்தது, கதவு உடைந்தது, வேட்டை தொடங்கியது. மில் வாசலில் வேலைநிறுத்தம் நடத்திய தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஆரவாரம் ஒன்று, இரண்டாம் நாள் கதவில் யார் நிற்பது என்பது வேறு.

அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, துரைமார் பந்து விளையாடும் இடத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். நாம் மிகைப்படுத்தவில்லை. கோட்டைக் கதவைத் தகர்க்க வந்த பிளாகிஸ்டன் என்ற எஞ்சினியரே இதை எழுதி வைத்திருக்கிறான். அன்று மாண்ட சிப்பாய்கள் 350-க்குக் குறையாது என்பது பலர் கணக்கு. 800 வரை சொல்வோரும் உண்டு. விசாரணைக்குப் பிறகு பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர் 6 பேர், சுடப்பட்டவர் 5 பேர், தூக்கிலிடப்பட்டவர் 8 பேர், நாடு கடத்தப்பட்டவர் 5 பேர். மூன்று பட்டாளங்களின் பெயரே ராணுவப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தொப்பி உத்தரவும் போயிற்று; கிராடக்கும், கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "ஏம்பா, சுட்டுப்போட்ட செவுரு எதுப்பா? அத்தக் காட்டு, பாத்துட்டுப் போறோம்."

நமக்குக் காட்டத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. காவலாளியைக் கேட்டோம், பக்கத்தில் நின்ற இன்னொரு வழிகாட்டியைக் கேட்டோம். கண்டி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832-ல் சாகும் வரை சிறையிருந்த மகால் எது என்று தெரிகிறது. திப்பு மகால், ஹைதர் மகால் தெரிகிறது. ராஜாக்கள் சிறைப்பட்ட அறைக்குக்கூட அடையாளம் உண்டு. சிப்பாய் செத்த சுவருக்கு இல்லை.

மலைக்கு மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அடுத்த கேள்வியைப் போட்டார்: "அவங்க பேராவது தெரியுமா தோழரே?" ஜமேதார் ஷேக் காசிம் போன்ற சிலரின் பெயர்களைச் சொன்னோம். மற்றவர்கள்? சதியை முன்கூட்டியே வெள்ளையனிடம் சொன்ன முஸ்தபா பேக் பெயர் பத்திரமாக இருக்கிறது. அவனுக்கு 2000 பகோடா இனாம் கொடுத்த கணக்கும் இருக்கிறது. அன்று மாண்ட ஆங்கிலேயருக்குக் கோட்டைக்கு எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுக் கல் இருக்கிறது. மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கும் நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள், ஜூலை 10-ல் மலர் வைக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சுவரோரம் நின்ற அந்த நூறு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க யாருமில்லை.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோ. அங்கேயும் பிரயாணிகளை நடத்திச் சென்று சரித்திரம் காட்டுகிறார்கள். லா மொனேதா என்ற ஜனாதிபதி மாளிகையைக் காட்டுகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அயெந்தே, 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் குண்டு வீசியபோது உயிர் நீத்த இடம் அது. அதே நகரத்தின் நடுவில், லோந்திரெஸ் தெருவில் 38-ஆம் எண் வீடு. முன்பு சோஷலிஸ்ட் கட்சியின் அலுவலகம். பினோசேயின் ரகசியப் போலீஸ் அதைப் பறித்துச் சித்திரவதைக் கூடமாக்கியது. பிற்பாடு தடயத்தை மறைக்க வீட்டு எண்ணையே 40 என்று மாற்றினார்கள்! உயிர் தப்பியவர்களும் மாண்டவர்களின் குடும்பத்தாரும் விடவில்லை. போராடி வீட்டை மீட்டார்கள். இன்று அந்த வாசலில், தெருவில் பாவிய கற்களுக்கிடையே, கொல்லப்பட்டவர்களின் பெயரும் வயதும் பதிக்கப்பட்டிருக்கின்றன. நடக்கிறவன் குனிந்து படித்துத்தான் போக வேண்டும்.

பெயரைக் கேட்ட அந்த ஜமுனாமரத்தூர்க்காரர் சும்மா கேட்கவில்லை. வேலூருக்கு முன் விஜயநகர அரசர்களின் தலைநகர் சந்திரகிரி. அங்கேயுள்ள அரண்மனையைப் பார்க்கவும் பிரயாணிகள் போகிறார்கள். அந்தச் சந்திரகிரியை அடுத்த சேஷாசலம் காட்டில்தான் 2015 ஏப்ரல் 7 அன்று, தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேரை ஆந்திரப் போலீசின் செம்மரத் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. பலர் நமது ஜவ்வாது மலைப் பகுதியினர். மரம் வெட்டக் கூலிக்குப் போனவன் செத்தான். மரத்தை விற்றுக் கோடி சேர்த்தவன் யாரென்று நாடு கேட்டது, பதில் வரவில்லை. இருநூறு வருஷம் கழித்து அந்த இருபது பேரும் "ஒரு கலகம் நடந்தது" என்ற ஒரே மூச்சில் போய்விடுவார்களோ என்பதுதான் அவர் கேள்வி.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் 1806 விசாரணைக் கடிதங்களிலுள்ள சிப்பாய்களின் பெயர்களைத் தமிழில் அச்சிட வேண்டும். அந்தப் பெயர்களைக் கோட்டைக்குள் பலகையில் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் தமிழில், காசில்லாமல், கோட்டையைச் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த வேலையைக் குடியாத்தம் பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அமிர்தி மலைப் பிள்ளைக்கும் பழக்கிக் கொடுக்கலாம். அவர்களுக்கும் ஒரு பிழைப்பாகும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஜூலை 10 அன்று மறுபடி நடக்கிறோம். அமிர்தியிலிருந்து காலை முதல் பஸ். கோட்டை வாசலில் எட்டரை மணிக்குச் சேர வேண்டும். மழை பெய்தாலும் உண்டு. அந்தச் சுவர் இருந்த இடத்தைத் தன் பாட்டன் சொல்லக் கேட்டவர் வேலூரில் யாராவது இருந்தால் அவசியம் வரவும். பாட்டி இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்.