பிள்ளை பெற்றவளுக்குத் தாயத்தா, மருத்துவமா?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. காப்பகங்கள் மூடப்பட்டன.

இரும்புச் சங்கிலி அறுந்தது. ஆனால் சகோதரர்களே, மதுரை நெல்பேட்டையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் நம் வீடுகளுக்குள் இன்னொரு சங்கிலி கிடக்கிறதே, அதை யார் அறுப்பது? அதில் கட்டுண்டு கிடப்பவள் பச்சை உடம்புக்காரி!

பிரசவமான முதல் நாட்களில் தாய்க்கு அழுகை வருவது சகஜம், தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்க மனமில்லை, 'நான் செத்தால் தேவலை' என்கிறாள் என்றால் அது நோய். திமிரும் அல்ல, ஈமான் குறைவும் அல்ல! இந்திய ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு இந்த மனச்சோர்வு. ஐந்தில் ஒருத்தி! நம் தெருவில் மட்டும் இல்லாமல் போய்விடுவாளா?

தடுப்பவர் யார்?

'நாங்கள் பெறாத பிள்ளையா?' என்கிறார் மாமியார். 'வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது' என்கிறார் பெற்ற தாய். 'ஜின் பார்வை' என்று தாயத்து கட்டுகிறார் பக்கத்து வீட்டுக்காரர். 'நாற்பது கழியட்டும், பார்க்கலாம்' என்று கடைக்குக் கிளம்புகிறார் கணவர். அல்லது துபாயிலிருந்து போனிலேயே முடித்துக்கொள்கிறார்.

வியாபாரிகளே! உங்களுக்குச் சர்க்கரை கூடினால் தாயத்து கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறீர்களா? அன்றைக்கே டாக்டரிடம் ஓடவில்லையா? உங்கள் பிள்ளையைச் சுமந்தவளுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

நிஃபாஸ் உடைய பெண்ணுக்குத் தொழுகையையே மன்னித்து, நோன்பைத் தள்ளிவைத்தது மார்க்கம். அவள் பலவீனத்தை ஷரீஅத் ஒப்புக்கொள்கிறது. நாம் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்! நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர் நம் நபி (ஸல்) அல்லவா? 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு மருந்தும் தரும் திட்டம் பின்னாளில் வந்துவிட்டது. துஆ செய்ய வேண்டாம் என்று யார் சொன்னது? மருந்தைத் தடுக்காதீர்கள் என்கிறோம்!

'மருந்து சாப்பிட்டால் பால் கெட்டுவிடும்' என்பார்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். 'ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்' என்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவே இருக்கிறது.

செய்ய வேண்டியது

அரசே! தடுப்பூசி போட வரும் தாயிடம் குழந்தையின் எடையோடு அவள் மனநிலையையும் கேள். 1987-ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் தமிழிலும் உள்ளன. அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜும்ஆ பயானில் ஒரு வாரம் இதைப் பேசச் சொல்லுங்கள். பைத்துல்மாலிலிருந்து வைத்தியச் செலவுக்கும், கூடப் போகும் பெண்ணின் பஸ் செலவுக்கும் கொடுங்கள்.

இளைஞர்களே! மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஏர்வாடியில் 28 ஜனாஸாக்களைப் பார்த்த பிறகுதான் நாம் விழித்தோம். வீட்டுக்குள் அழுகிறவளுக்காகவும் ஒரு ஜனாஸா வரும்வரை காத்திருக்கப் போகிறோமா?