‘இருக்கிற நிலையில்’ வாங்கிய வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்ததும் நம் இளைஞர்கள் செய்யும் முதற்காரியம், அதைக் கழுவித் துடைத்து முகப்பில் ‘மாஷா அல்லாஹ்’ ஒட்டுவதாகும். மறுநாளே மனைவியைப் பின்னால் அமர்த்தி, குழந்தையைப் பெட்ரோல் டேங்கின் மேல் இருத்தி, உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். ஏறும்போது ஓதவேண்டிய துஆவையும் மறப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஸுக்ருஃப் அத்தியாயத்தில் இடம்பெறும் அந்த துஆ, வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்குச் சொந்தமானதன்று என்று ஒப்புக்கொண்டு, இறைவனிடமே மீளவிருக்கிறோம் என்ற நினைவோடு முடிகிறது. அதை ஓதியவர் தம் வண்டியின் பின்சக்கர டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று ஒருமுறையேனும் குனிந்து பார்த்திருக்கிறாரா என்பதே என் கேள்வி.

என் சகோதரியின் மகன் அண்மையில் வாங்கிய வண்டியில் நாங்கள் குனிந்து பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பவை. அதில் 3113 என்றிருந்தது. அதாவது 2013ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். “பட்டன் தேயவே இல்லையே, மாமா” என்றான் மருமகன். உண்மைதான். வண்டி அதிகம் ஓடாமல் திண்ணையோரம் நின்றிருக்கிறது. ஆனால் ரப்பர் ஓடித் தேய்வது மட்டுமன்று, நின்றும் கெடும். நகத்தால் அழுத்தினால் மரம்போல் இறுகியிருந்தது. பட்டன்களுக்கு இடையே மயிரிழை வெடிப்புகள். மழை நனைத்த தார்ச்சாலையில் இத்தகைய டயர் பிடிமானம் தராது. பட்டன் மீதமிருந்தாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைக் கழற்றிவிடுமாறே டயர் நிறுவனங்கள் பல சொல்கின்றன.

அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை மெல்ல இடமும் வலமும் திருப்பினோம். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டி நின்றது. கோன் செட் தேய்ந்ததன் அடையாளம் அது. வேகத்தில் கைப்பிடி தன் விருப்பத்துக்கு அலையும். முன் பிரேக்கை முழுதாகப் பிடித்தபோது, டிரம்மின் மேலுள்ள அம்புக்குறி அதன் எல்லைக் கோட்டைத் தொட்டது. உள்ளே ஷூ முடிந்துவிட்டது என்பதை வண்டியே சொல்லும் ஏற்பாடு அது. நம்மில் பலர் பல ஆண்டுகள் ஓட்டியும் அந்த அம்பைக் கண்டதில்லை. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சிசியைத் தாண்டிய வண்டிகளில் ஏபிஎஸ்ஸும், அதற்கு உட்பட்டவற்றில் இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கும் கூட்டு பிரேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய சிறு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்துணை ஏதும் இல்லை. அவற்றை நிறுத்துவது அந்தத் தேய்ந்த ஷூவும் ஓர் இரும்புக் கம்பியும்தான். அந்தக் கம்பியின் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

செயினின் தொய்வு, ஃபோர்க்கிலிருந்து எண்ணெய்க் கசிவு, பெட்ரோல் குழாயின் வெடிப்பு, முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனியே பின்விளக்கு எரிகிறதா என்பன எல்லாம் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அரைமணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவை. ஆனால் அவர்களும் கேளாமல் விடுகிற ஒன்று உண்டு. அது நம் வீட்டுப் பெண்களைப் பற்றியது. பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கவேண்டிய சேலை கார்டை, அழகுக்குக் குறை என்று முன்னர் ஓட்டிய இளைஞர் கழற்றி எறிந்திருப்பார். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி அதன் பாதியளவுக்கேனும் மறைப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி. புர்காவின் ஓரமோ துப்பட்டாவின் நுனியோ ஆரக்கம்பிகளில் ஒருமுறை சுற்றினால், ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெண்களின் ஹிஜாபைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், அந்த ஹிஜாபை அணிந்து அவர்கள் ஏறும் வண்டியில் இந்தச் சிறு கம்பியை மாட்டித் தருகிறோமா? சில நூறு ரூபாய்ச் செலவு அது.

இனி, விற்றவரிடம் வருகிறேன். அவர் எங்களுடன் ஒரே ஸஃப்பில் தொழுபவர். வயதில் மூத்தவர், நல்லவர். “இருக்கிற நிலையில்தான் தருகிறேன், பிறகு ஒன்றும் கேட்கக் கூடாது” என்று சொல்லியே விற்றார். பழைய வண்டி வியாபாரத்தில் இது எல்லாரும் சொல்லும் சொல். ஆனால் ஃபிக்ஹு நூல்கள் இச்சொல்லை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை, உயிர்ப்பிராணிகளில் விற்பவரே அறியாத உட்குறைகளிலிருந்து மட்டுமே அவரை விடுவிக்கும். (பழைய எஞ்சினின் உட்புறத்தை இதனோடு ஒப்பிடலாமா என்பதை ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறேன்.) ஹனஃபீ மத்ஹபு அந்நிபந்தனையை இன்னும் விரிவாக ஏற்கிறது. ஆயினும், அறிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

இமாம் மாலிக்கின் முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. இப்னு உமர் (ரலி) தம் அடிமை ஒருவரைக் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருப்பதாக முறையிட்டபோது, குறையை அறியாமலேயே விற்றதாக இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் என்று கலீஃபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நிபந்தனை எழுதியிருந்தும் கலீஃபாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உமக்குத் தெரியுமா, தெரியாதா?

“தேய்ந்தது என் குற்றமா?” என்று விற்பவர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது, உள்ளே ஈரத்தை உணர்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைத்தது மழை, வியாபாரி அல்லர். எனினும் மக்கள் காணும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றே அவரிடம் கேட்கப்பட்டது. அதே வேளையில் விற்பவருக்கும் நியாயம் வேண்டும். பன்னிரண்டு ஆண்டு வண்டியில் சாயம் மங்குவதும் இருக்கை கிழிவதும் வாங்குபவர் கண்ணால் கண்ட தேய்மானமே. அவற்றைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்பதும் அநீதி.

வாங்குபவர்கள் அறியவேண்டியது இன்னொன்று. குறை கண்டால் பொருளைத் திருப்பும் உரிமையை ஷாஃபிஈ மத்ஹபு உடனடியாகப் பயன்படுத்தச் சொல்கிறது. குறையை அறிந்த பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பவரின் உரிமை நழுவிவிடும். எனவே முதல் வாரமன்று, முதல் நாளே பார்க்க வேண்டும். அன்றிரவு மருமகனிடம், “வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்” என்றேன். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவரிடம் பேசினோம். டயரின் இலக்கங்கள் தமக்குத் தெரியாது என்றார். நம்புகிறேன். கோன் செட்டைப் பற்றிக் கேட்டதும் சற்று மௌனமாக இருந்தார். “அதைச் சொல்லியிருக்க வேண்டும்” என்று சொல்லி, அதற்கான செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஷூவையும் டயரையும் மருமகன் மாற்றினான்.

பெயர் மாற்றமும் அன்றே நடக்க வேண்டும். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நாம் மோதினால் இழப்பீட்டுச் சுமை விற்றவரின் தலையில் விழும். இது அவருக்கு நாம் செலுத்தவேண்டிய ஹக்.

நம் மஹல்லாக்களில் மெக்கானிக் சகோதரர்களுக்குக் குறைவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் பள்ளி வளாகத்தில் இருவர் அமர்ந்து, புதிதாக வாங்கப்பட்ட பழைய வண்டிகளைப் பார்த்துத் தரலாம். விற்பவரும் உடனிருக்கட்டும். அவர்களது கூலியை ஜமாஅத் நிதியிலிருந்து கொடுக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். எங்கள் பள்ளியில் இதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.