பிடிக்குத் துணி சுற்றுங்கள்

1940-களின் பிற்பகுதியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அதிசயம் என்று இன்றும் புகழ்கிறோம். நிமிர்ந்த விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். வியாதி விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் படும் காயமே தின்கிறது என்று சொன்னவரும் அவரே.

அப்படிச் சீரான கையோடு ஒருவன் மரக்காணத்து உப்பளத்தில் இறங்கட்டும். நல்ல காலையே வெடிக்க வைக்கும் உப்புநீர் அது! மரத்த கை பலகைப் பிடியை எவ்வளவு இறுக்குகிறதென்று அவனுக்கே தெரியாது. கொப்புளம் புண்ணாகும், புண் எலும்புக்கு இறங்கும். டாக்டரின் உழைப்பெல்லாம் ஒரே கோடையில் பாழ். பிடியைப் பருமனாக்கித் துணி சுற்றி, காலுக்கு அளவான ரப்பர் பூட்ஸும் கொடுத்தால் எந்த முதலாளியின் குடி முழுகிவிடும்? "கூலிக்காரனுக்குப் பூட்ஸா?" என்று சிரிப்பார்கள். அவர்கள்தாம் ஆஸ்பத்திரி நிதிக்கு முதல் கையெழுத்துப் போடுகிறவர்கள்!