எச்ச அளவைச் சோதித்தால் மட்டும் போதுமா? பூச்சிக்கொல்லிகளின் ஹார்மோன் பாதிப்பும் கேட்கப்படாத கேள்வியும்

பாகாலா: திருப்பதி மாவட்டம் பாகாலா வட்டாரத்தில் விளையும் பெங்களூரா ரக மாங்காய்கள், தாமலசெருவு சந்தை வழியாகப் பழக்கூழ் ஆலைகளுக்குச் செல்கின்றன. ஏற்றுமதியாகும் கூழில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்புக்குள் உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. ஆனால், அந்த மருந்து மனித உடலின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடியதா என்பதற்கு இச்சோதனையில் விடை கிடைக்காது. மருந்துக்கு அனுமதி வழங்கும் முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே செயல்படுபவை. கருவிலும் பருவமடையும் வயதிலும் அவற்றில் ஏற்படும் குலைவு நிரந்தரமாகிவிடக்கூடும். எனவே, ஈஸ்ட்ரோஜன், ஆண்ட்ரோஜன், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டை ஒரு வேதிப்பொருள் மாற்றுகிறதா என்று தனியாக ஆராயப்படுகிறது. எலியின் கருப்பை எடை கூடுகிறதா, தலைப்பிரட்டை தவளையாக மாறுவது தடைபடுகிறதா என்பன போன்ற சோதனைகள் இதற்கென வகுக்கப்பட்டுள்ளன.

காசர்கோடு தந்த பாடம்

கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், பாதிப்புக்குள்ளான பகுதியின் 117 சிறுவர்களையும், ஒப்பீட்டுக்காக வேறு பகுதியின் 90 சிறுவர்களையும் ஆராய்ந்தது. எண்டோசல்ஃபான் ஆண் சிறுவர்கள் பருவமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதே 2003-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் இம்மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017-இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. ஆய்வுக்கூடத்தில் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டிய சோதனை, ஒரு தலைமுறைச் சிறுவர்களின் உடலில் நடந்து முடிந்தது.

பிற நாடுகளின் நிலை

அமெரிக்கா 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. எனினும் பணி மெதுவாகவே நகர்ந்தது. முதற்கட்டமாக 52 வேதிப்பொருள்களின் முடிவுகள் 2015-இல்தான் வெளியாயின. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் ஹார்மோன் பாதிப்பைக் கண்டறியத் தனி அளவுகோல்களை வகுத்தது. அவற்றின் அடிப்படையிலும் ஆராய்ந்து, 2020 டிசம்பரில் மான்கோசெப் பூஞ்சைக்கொல்லியின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

இந்தியாவில் தக்காளி உள்ளிட்ட பயிர்களுக்கு அதே மருந்து பயன்பாட்டில் உள்ளது. மத்திய அரசு 2020 மே மாதம் வெளியிட்ட வரைவுத் தடைப் பட்டியலில் இருந்த 27 மருந்துகளில் மான்கோசெப்பும் ஒன்று. ஆனால், 2023-இல் வெளியான இறுதி ஆணை டைகோஃபால், டினோகாப், மெத்தோமில் ஆகியவற்றையும் மோனோகுரோட்டோபாஸின் ஒரு வகையையும் மட்டுமே தடை செய்தது. மான்கோசெப்புக்குச் சில பயிர்களில் மட்டும் அனுமதி நீக்கப்பட்டது.

நம் நாட்டில் பூச்சிக்கொல்லிப் பதிவு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. நச்சுத்தன்மை, இனப்பெருக்கப் பாதிப்பு குறித்த தரவுகள் கேட்கப்படுகின்றன. ஐரோப்பாவில் உள்ளது போன்ற ஹார்மோன் அளவுகோல் தனியாக இல்லை.

எச்சச் சோதனை பாதுகாப்பது பழக்கூழை உண்பவரை. மருந்தைக் கலந்து, தோளில் சுமந்து தெளிக்கும் தொழிலாளியும், தோட்டத்தை ஒட்டி வாழும் கர்ப்பிணியும் குழந்தைகளும் அச்சோதனையின் எல்லைக்குள் வருவதில்லை. புதிய மருந்துகளின் பதிவுக்கும் பழைய மருந்துகளின் மறுஆய்வுக்கும் ஹார்மோன் சோதனையைக் கட்டாயமாக்குவதே அவர்களுக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பாகும்.