மாத்திரை தொடங்கினால் உடல் வெப்பத்தையும் பாருங்கள்

மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதுபோல் உடல் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். மருந்தைத் தொடங்கும் நாட்களிலும் அளவைக் கூட்டும் நாட்களிலும் இது கட்டாயமாக வேண்டும். சென்னை மூலக்கொத்தளம் குடியிருப்புவாசிகளான எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். உடம்பின் சூட்டை நிலையாக வைத்திருப்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. அங்கே வேலை செய்யும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். 1960களில் ஆய்வாளர்களான ஃபெல்ட்பெர்க்கும் மையர்ஸும் பூனைகளின் மூளைக் குழிக்குள் அதைச் செலுத்தியபோது வெப்பம் ஏறியது. விலங்குக்கு விலங்கு விளைவு மாறியதால் அதை மட்டும் வைத்து மனிதரைப் பற்றி முடிவு கட்ட முடியாது. ஆனால் மனிதரிடமிருந்தே வந்த சான்று இருக்கிறது. 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கவிளைவுப் பதிவுகளைத் துழாவினார்கள். மனநோய் மருந்து எடுத்தவர்களில் உடல் வெப்பம் ஏறியதாக 524 பதிவுகள், இறங்கியதாக 480 பதிவுகள். டோபமைனைவிட செரோட்டோனின் ஏற்பிகளை வலுவாகத் தடுக்கும் மருந்துகளில்தான் இறக்கம் கூடுதலாகத் தென்பட்டது. அப்படிச் செரோட்டோனினைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

சென்னை வெயிலில் யாருக்கு உடம்பு குளிரப் போகிறது என்று கேட்கிறார்கள். குளிர்நாட்டில்தான் இது வரும் என்பதில்லை. இந்த மருந்துகளால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்காமல், நடுக்கமும் எழாமல் போனால் நனைந்த உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வயதானவர், சாப்பாடு குறைந்தவர், தைராய்டு குறைபாடோ தொற்றோ உள்ளவர் அந்த ஈரத்தில் இன்னும் எளிதாகச் சரிவார். வெயில் காலத்தில் ஆபத்து மறுபக்கம் திரும்புகிறது, ஏனென்றால் இவற்றில் சில மருந்துகள் வியர்வையையும் குறைக்கும். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேரைப் பலிகொண்ட வெப்ப அலையில், மனச்சிதைவு உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. மருந்து மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. நோய், தனிமை, வறுமை எல்லாம் சேர்ந்தே கொன்றன. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்துவிட்டது. அதற்கான முன்னெச்சரிக்கையில் இந்த மாத்திரை எடுப்பவர்களைத் தனியே கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறோம்.

வெப்பம் இறங்கியதாகச் சொன்ன அந்த 480 என்பது பதிவானவை மட்டுமே, அதை வைத்து எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட முடியாது என்பது நியாயமான மறுப்பு. பெரும்பாலோருக்கு இது வராது. ஆனால் பழைய பாதரச காய்ச்சல்மானி 35 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தொடங்குகிறது. அதற்குக் கீழே போன உடம்பை அது காட்டாது. அளக்காததைப் பதிவு செய்வது எப்படி? ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குறைந்த வெப்பத்தையும் அளக்கும் கருவி வேண்டும்.

இதைச் சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்ற கவலைதான் எங்களையும் நெடுநேரம் யோசிக்க வைத்தது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும், அதன் விலை பெரிது. இருந்தாலும் சொல்லாமல் மறைப்பது அதற்கு மருந்தாகாது. காரணம் தெரியாமல் உடம்பு சில்லிட்ட குடும்பம்தான் மாத்திரையைத் தூக்கி எறியும். எனவே யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். மாத்திரை எடுப்பவர் வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டு, பேச்சுக் குழறி, தூங்கித் தூங்கி விழுந்தால் ஈரத் துணியை மாற்றிப் போர்த்தி உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று, எப்போது அளவைக் கூட்டினார்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.