பல்லைக் கடிக்காதே, கண்ணு!

திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனுக்குள் போயிருக்கிறீர்களா? ரோலில் வந்த துணியை உடனே டேபிளில் போட்டு வெட்டிவிட மாட்டார்கள். ரோலைப் பிரித்து, தளர்வாக மடித்துப் போட்டு, ஆற விடுவார்கள். லைக்ரா கலந்த துணியென்றால் ஒரு நாள் முழுக்கக்கூட! 'ரிலாக்ஸ் பண்ண விடறதுங்க' என்பார் கட்டிங் மாஸ்டர். இழுத்துச் சுற்றிய துணியை அதே விறைப்போடு வெட்டினால், பிறகு சுருங்கி 'எல்' சைஸ் 'எம்' ஆகிவிடும். வெளிநாட்டுக்காரன் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான்.

துணிக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஊரில், பிரசவ அறைக்குப் போகிற பெண்ணிடம் நாம் சொல்லி அனுப்புவது என்ன? "பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்க கண்ணு!"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஸார் பிரச்னையே! பல்லைக் கடித்தால் தாடை இறுகும். தாடை இறுகினால் தோள், முதுகு, தொடை என்று வரிசையாக எல்லாம் இறுகும். வலி ஒன்றுக்கு ஒன்றரையாகத் தெரியும்.

'பி.காம். படித்தவனுக்கு ஏன்ப்பா இந்த வேலை?' என்பீர்கள். என் மனைவிக்கு வளைகாப்பு நடந்தபோது ஆரம்பித்தது. கலந்த சாதம் ஐந்து வகை. சாப்பிட்டுவிட்டு, சுற்றி உட்கார்ந்த பெரியம்மா, அத்தை, சின்னம்மா எல்லோரும் தங்கள் பிரசவக் கதையை ஆளுக்கு ஒரு ரீல் ஓட்டினார்கள். "எனக்கு ரெண்டு நாள் வலி அம்மிணி... உசிரு போயிட்டுத் திரும்பி வந்துச்சு!" கை நிறைய வளையல், முகத்தில் ரத்தமே இல்லை அவளுக்கு. அன்று ராத்திரி, "ஏனுங்க, பயமா இருக்குதுங்க" என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் படுக்க மனசு வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

கிராண்ட்லி டிக்-ரீட் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர். 1933-ல் இயற்கைப் பிரசவம் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் சொன்ன கணக்கு சிம்பிள். பயம் உடம்பை இறுக்குகிறது. இறுக்கம் வலியைக் கூட்டுகிறது. வலி மறுபடி பயத்தைக் கூட்டுகிறது. கந்துவட்டி மாதிரி! எங்கேயாவது ஒரு இடத்தில் வெட்டினால்தான் ஆட்டம் நிற்கும். அவர் வெட்டச் சொன்ன இடம் பயமும் இறுக்கமும்.

அடுத்தவர் ஃபெர்னாண்ட் லமாஸ். பிரெஞ்சு டாக்டர். 1951-ல் சோவியத் நாட்டுக்குப் போனார். அங்கே டாக்டர்கள் பாவ்லோவின் தத்துவத்தை வைத்துக் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாய், மணி, எச்சில்... ஞாபகம் இருக்கிறதா? திருப்பூர்க்காரர்களுக்குப் பாவ்லோவை விளக்கவே வேண்டாம். காலை எட்டரைக்குக் கம்பெனியில் சங்கு ஊதினால் வாயில் இட்லியோடு கால் தானாக ஓடுமே, அதேதான். 'வலி வந்தால் அலறு' என்று பழகிய மூளையை 'வலி வந்தால் மூச்சை விடு' என்று மாற்றிப் பழக்குவது.

லமாஸ் ஊர் திரும்பி இதை எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய ஆஸ்பத்திரியில்! அதாவது, பணக்கார வீட்டுப் பெண்கள் ஏ.ஸி. அறையில் பழகுகிற சமாசாரமாக இது அங்கே பிறக்கவில்லை. ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது.

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன்... கணக்கு. பிரசவ வலி தொடர்ந்து அடிக்கிற வலி அல்ல. அலை அலையாக வந்து போவது. வலி நன்றாகப் பிடித்த பிறகு பத்து நிமிஷத்துக்கு சுமார் மூன்று முறை. ஒவ்வொன்றும் 45 வினாடி என்று வையுங்கள். மொத்தம் 135 வினாடி. பத்து நிமிஷம் என்பது 600 வினாடி. மீதி 465 வினாடி லீவு! கடைசிக் கட்டத்தில் வலியும் நீளும், இடைவெளியும் குறையும். அப்போதுகூடப் பாதிக்குப் பாதி ஓய்வு தேறலாம். பயந்தவள் அந்த லீவையும் அடுத்த வலியை எதிர்பார்த்தே செலவழித்துவிடுகிறாள். தளர்த்தப் பழகியவள் அதை வரவு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழகுவது எப்படி? ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை முஷ்டியாக இறுக்கி, 'ஹா' என்று விட்டுவிட வேண்டும். பிறகு கால் விரல், தொடை, தோள், கடைசியில் தாடை, நெற்றி. மூச்சை மூக்கால் நிதானமாக இழுத்து, வாயால் அதைவிட நிதானமாக விட வேண்டும். அடக்கவும் கூடாது, அவசரப்படவும் கூடாது. தினம் பத்து நிமிஷம். அன்றைக்கு வந்து கற்றுக்கொள்கிற விஷயம் அல்ல இது. ஓவர்லாக் மிஷினே ஒரு நாளில் கைக்கு வருவதில்லையே!

'இதனால் வலியே இருக்காதா?' இருக்கும் ஸார். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில் தசை தளர்த்தல், மூச்சு, இசை எல்லாம் வலியைச் சமாளிக்க உதவும் முறைகளாக இருக்கின்றன. இன்னொரு முக்கியமான விஷயம், கூடவே ஒரு துணை. தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. தாங்க முடியவில்லை என்று அவள் ஊசி, மருந்து கேட்டால் அது தோல்வியும் அல்ல. பரீட்சையா எழுதுகிறாள், மார்க் குறைய?

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 ஜூலையில், இதே திருப்பூரில், யூ-டியூப் வீடியோவை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை இறுகியாக வேண்டும். அது தளர்ந்தே கிடந்தால் ரத்தம் நிற்காது. அங்கே தளர்ச்சிதான் எமன். அந்த நேரத்தில் உதவுவது ஆக்ஸிடாசின் ஊசியும், ரத்தமும், டாக்டரும்தான். மூச்சுப் பயிற்சி அல்ல. தளர்த்தக் கற்றுக்கொள்வது ஆஸ்பத்திரிக்குள் தைரியமாகப் போவதற்கு. போகாமல் இருப்பதற்கு அல்ல. ரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் என்றால் உடனே 108.

சரி, அறைக்கு வெளியே நிற்கிற நமக்கு என்ன வேலை? நிறைய. முதலில், பயங்கரக் கதை சொல்ல வருகிற பெரியம்மாவுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்துப் பேச்சை மாற்றுவது. இரண்டாவது, உள்ளே போகப்போகிற மாமியாருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது. 'பல்லைக் கடி' என்பதற்குப் பதில் 'தோளை விடு கண்ணு, மூச்சை விடு' என்று சொல்லிப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, ஷிப்மெண்ட் எந்தத் தேதியில் இருந்தாலும் லீவை முன்கூட்டியே சொல்லி வைப்பது.

என் மனைவிக்குப் பெண் குழந்தை. "வலி இருந்துச்சுங்க. ஆனா ஒவ்வொண்ணும் முடிஞ்சிரும்னு தெரிஞ்சுது. எங்கம்மாதான் நாலாவது வலியிலயே மூச்சு விட மறந்துட்டாங்க" என்றாள்.

இன்று ராத்திரியே செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். 'இறுக்கு... விடு' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, நீங்களும் கூடவே செய்யுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அவளுக்கு முன்னால் நீங்கள் தூங்கிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மூன்று மாதமும் முதலில் குறட்டை விட்டது யார் என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்!